முப்பத்தொன்றாம் போர்ட் மீதான துறை விசாரணை

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு எனக்குப் பழுது தெரிந்துவிட்டது. சரிசெய்ய நான்கு நொடி போதும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதியை எழுதிய பிறகு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே நம்பிக்கை இருக்காது.

தென்வட்டாரச் சான்றிதழ் சரிபார்ப்பு வாரியத்தில் நான் ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளர். வாரியத்தின் கணினி மையம் ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. காலையில் சேத்தூரில் பஸ் ஏறுவேன். சாயங்காலம் திரும்பும்போது ராஜபாளையத்தில் இறங்கி, ஹார்டுவேர் கடை மாடியில் நடக்கும் நெட்வொர்க் வகுப்பில் எட்டரை மணி வரை உட்கார்ந்திருப்பேன். வகுப்பில் இன்னும் பதினோராம் பாடம் முடியவில்லை. அதனால் எது பழுதானாலும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன்.

யாராவது வேலைக்குச் சேரும்போது, அவருடைய மதிப்பெண் சான்றிதழ் நிஜமானதுதான் என்று வாரியம் ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணைக் கொடுக்கும் பழைய மெஷினுக்குத் திங்கள் காலை மாலை போட்டு, பிரிவுரை வாசித்து, ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார்கள். அதன் இடத்தில் தட்டையான கறுப்புப் பெட்டி ஒன்று வந்தது. அதுதான் புது சர்வர்.

பெட்டியிலிருந்து ஒரு நீலக் கேபிள் பக்கத்து அலமாரியில் உள்ள சுவிட்சுக்குப் போகிறது. லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. நாற்பத்தெட்டு துளைகள் உள்ள நீளமான இரும்புப் பட்டை. ஒவ்வொரு துளைக்கும் போர்ட் என்று பெயர். கட்டடத்தில் உள்ள எல்லா மெஷினும் இதன் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசும். பேச்சு நடந்தால் துளைக்கு மேல் பச்சை விளக்கு மினுங்கும். புதுப் பெட்டிக்கு ஒதுக்கப்பட்டது முப்பத்தொன்றாம் போர்ட்.

சர்வர் பிரிவின் தலைவர் ஸுந்தரராஜன் சார் காட்டிய பொத்தானை வாரியத் தலைவர் அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். முப்பத்தொன்றின் விளக்கு எரியவில்லை. அதை நான் மட்டும் பார்த்தேன். கேபிளை மாட்டியது நான்.

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் சோதித்தேன். பெட்டிக்கு மின்சாரம் இருந்தது. கேபிளை டெஸ்டரில் போட்டேன், எட்டுக் கம்பியும் சரி. டெஸ்டர் மேல் சந்தேகம் வந்து, அதை வேறொரு கேபிளில் போட்டுப் பார்த்தேன், அதுவும் சரி. பெட்டியை நேராக என் லேப்டாப்பில் மாட்டினேன், விளக்கு எரிந்தது. லேப்டாப்பை முப்பத்தொன்றில் மாட்டினேன், எரியவில்லை. ஆக பெட்டியும் நல்லது, கேபிளும் நல்லது. சுவிட்சின் நிலைப்பட்டியலைத் திரையில் பார்த்தேன்; பார்க்க பாஸ்வேர்டு வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். முப்பத்தொன்றை யாரோ கட்டளை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். திறப்பதற்கு இரண்டு சொல் தட்டினால் போதும். மணி மூன்று பத்து.

கீழே கவுண்டரில் ஒரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ராஜபாளையத்து ஹஃப்ஸா. நர்சிங் முடித்தவள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. வியாழன் ஐந்து மணிக்குள் சரிபார்ப்பு எண்ணை ஏற்றாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அக்கா, நம்பர் இன்னைக்கு வருமா?"

"பெட்டி ரெடி. ஒரு போர்ட் மூடியிருக்கு. திறந்துட்டா வந்துரும்."

"திறக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

"நாலு நொடி" என்றேன். இன்றுவரை வருத்தப்படுகிற வாக்கியம் அது.

ஸுந்தரராஜன் சாரிடம் போனேன். அவர் விழா மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"பெட்டி நல்லாருக்கா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கு சார்."

"அவ்வளவுதான். சர்வர் பிரிவோட பொறுப்பு கேபிள் நுனியோட முடியறது. இந்தப் பெட்டி வந்து நூற்றி நாலு நாளாச்சு, தெரியுமோ? ஒரு நாளாவது அட்டைப்பெட்டியைப் பிரிக்க விட்டேனா? தலைவர் தேதி கொடுக்காம பிரிச்சா பெட்டிக்கு என்ன மரியாதை? நூற்றி நாலு நாள் ஒரு தூசி படாம காப்பாத்தியிருக்கேன். இனிமே அது நெட்வொர்க் பிரிவோட பிரச்சினை. கடிதம் எழுதறேன்."

நெட்வொர்க் பிரிவுத் தலைவர் ஆவுடையப்பன் சாரின் மேஜை அதே அறையில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு பீரோ. கடிதம் அந்தப் பீரோவைச் சுற்றிப் போக முடியாது. கீழே தபால் பிரிவில் பதிவாகி, மதுரை வட்டார அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து குறிப்பு எழுதப்பட்டுத் திரும்பி வரும். நான் பீரோவைச் சுற்றிப் போனேன். ஐந்தே எட்டு நடை.

ஆவுடையப்பன் சார் இருபத்தாறு வருடம் பணியாளர் பிரிவில் இருந்தவர். விடுப்பு, சம்பள உயர்வு, தண்டனை எல்லாம் அவருக்கு அத்துப்படி. போன வருடம் நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றினார்கள். வந்த முதல் வாரமே நாற்பத்தெட்டு போர்ட்டுக்கும் நாற்பத்தெட்டு பணிப்பதிவேடு திறந்துவிட்டார். தெரிந்த வேலையைத் தெரிந்த விதத்தில் செய்வதில் என்ன தவறு என்று அப்போது நினைத்தேன்.

"முப்பத்தொண்ணா?" என்று பீரோவைத் திறந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். "வாம்மா, உக்காரு. இதுல ஒளிவு மறைவு இல்லை."

முதல் பக்கத்தில் பெயர், பணியில் சேர்ந்த நாள், அங்க அடையாளம் எல்லாம் இருந்தன. அங்க அடையாளம்: இடது ஓரத்தில் சிறு கீறல். மின்தடை நாள்கள் தற்செயல் விடுப்பில் கழிக்கப்பட்டிருந்தன. கடைசிப் பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"தொண்ணூறு நாள் தொடர்ச்சியா விளக்கு எரியலை. முன்னனுமதி கிடையாது. மெடிக்கல் கிடையாது. ஒரு ஆள் தொண்ணூறு நாள் வேலைக்கு வரலைன்னா என்ன செய்வோம்? அதைத்தான் செஞ்சேன். மூடிட்டேன்."

"சார், அந்தத் தொண்ணூறு நாளும் பெட்டி அட்டைக்குள்ள இருந்துச்சு. எதிர்ப்பக்கம் யாருமே இல்லாம இது எப்படி சார் எரியும்?"

"நியாயமான காரணம். நான் மறுக்கலை. அதை அது எழுத்துல சொல்லியிருக்கணும்ல? பதினேழு-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தேன். பதினஞ்சு நாள் அவகாசமும் கொடுத்தேன். ஒரு வரி பதில் இல்லை."

சுவிட்ச் அலமாரியின் கதவில் ஏதோ காகிதம் ஒட்டியிருப்பதை முன்பே பார்த்திருக்கிறேன்; ஏசி கம்பெனிக்காரர்கள் ஒட்டியது என்று நினைத்திருந்தேன். போய்ப் படித்தேன். 'நேரில் பெற்றுக்கொள்ள மறுத்ததால் இரு சாட்சிகள் முன்னிலையில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது.' ஒரு சாட்சி வாட்ச்மேன் மாரீஸ்வரன் அண்ணன்.

"அண்ணே, இதுல நீங்களா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா தாயி. சார் நீட்டுனாரு. அது வாங்கல. கண்ணால பாத்தேன், போட்டேன். பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை வேறு வழி தேடினேன். வகுப்பு நோட்டில் 'ஒரு போர்ட் சரியில்லை என்றால் அடுத்ததில் மாட்டிப் பார்' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. முப்பத்திரண்டு காலியாக, திறந்தே இருந்தது.

"முப்பத்திரண்டு மாற்றுப்பணியில இருக்கு" என்றார் ஆவுடையப்பன் சார். "கணக்குப் பிரிவு பிரிண்டருக்கு. பிரிண்டர் வரலை, ஆனா உத்தரவு வந்துட்டு. தினமும் காலையில நானே என் லேப்டாப்பைச் சொருகி வருகை போட்டுட்டு வாரேன்."

ஸுந்தரராஜன் சாருக்கு அதைவிடப் பெரிய கவலை. என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போய்த் திறப்பு விழாக் கல்வெட்டைக் காட்டினார். தலைவர் பெயருக்குக் கீழே, 'முப்பத்தொன்றாம் போர்ட்டில் இணைத்துச் சிறப்பித்தார்' என்று கிரானைட்டில் செதுக்கியிருந்தது.

"கேபிளை முப்பத்திரண்டுல சொருகிட்டு, தலைவர்கிட்ட என்னம்மா சொல்றது? நீங்க திறந்து வச்சது வேறன்னா? கேபிளை மாத்தலாம், கல்லை மாத்த முடியுமோ?"

அன்று கவுண்டரில் பதினான்கு பேர் நின்றார்கள். ஹஃப்ஸாதான் முதல்.

"நாலு நொடி ஆயிருச்சா அக்கா?"

"போர்ட் மேல ஒரு நடவடிக்கை நிலுவையில இருக்கு."

"என்ன பண்ணுச்சு?"

"வேலைக்கு வரலையாம்."

"எனக்கு வேலைக்குப் போகணும், விட மாட்டேங்குறாங்க. அதுக்கு வேலைக்கு வரலைன்னு தண்டனையா? அதோட என்னையும் கூண்டுல ஏத்துங்கக்கா, ரெண்டு பேரும் சேந்து பேசிக்கிடுறோம்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். புதன்கிழமை காலை ஆவுடையப்பன் சாரிடம் மூன்றாவது முறையாக நின்றபோது அது ஞாபகம் வந்து, "பாதிக்கப்பட்ட பொதுமக்கள்ல ஒரு சாட்சி இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்தது. ஒரு வருடமாக அந்த அறையில் அவருக்குப் புரிகிற வாக்கியம் ஒன்றை யாரும் பேசியிருக்கவில்லை போல.

"சாட்சி இருந்தா விசாரணையை உடனே வைக்கலாமே! நாளைக்கு மூணு மணி. குற்றம் சாட்டுனவன் நான். விசாரணை அலுவலரா வேற ஆள் வேணும். ஆள் இல்லை. அதனால நானே. ஆனா நாற்காலியை மாத்தி உக்காந்துக்கிடுவேன். அந்த நேர்மை என்கிட்ட உண்டு. முப்பத்தொண்ணுக்கு உதவிக்கு ஒரு ஆளு வேணும். அதுவா யாரையும் கேக்கலை. நீ இரும்மா."

"சார், நான் பதினோராம் பாடம் வரைதான்..."

"நல்லது. ரொம்பத் தெரிஞ்சவன் உதவிக்கு வந்தா விசாரணை நீண்டுரும்."

விசாரணையில் குற்றம் நிரூபணமானால் என்ன ஆகும் என்று கேட்டேன். நிரந்தரப் பணிநீக்கம் என்றார். அதாவது, முப்பத்தொன்றாம் துளையை அரக்கு வைத்து அடைத்துவிடுவது. கல்வெட்டு இருக்கிறவரை கேபிளை வேறு எதிலும் மாட்ட முடியாது. அப்படியானால் ஹஃப்ஸாவுக்கு மட்டுமல்ல, வரிசையில் நிற்கிற யாருக்குமே இனி எண் கிடையாது. அன்று வகுப்பில் பன்னிரண்டாம் பாடம் நடந்தது. நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போர்ட்டுக்கான எதிர்வாதத்தை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மூன்று மணி. சர்வர் அறையில் செருப்போடு நுழையக் கூடாது. எல்லோரும் வெறுங்காலோடு குளிரில் நின்றோம். சுவிட்ச் அலமாரிக்கு எதிரே ஆவுடையப்பன் சார் மேஜை போட்டிருந்தார். பக்கத்தில் இரண்டு நாற்காலி. முதல் நாற்காலியில் உட்கார்ந்து புகாரை வாசித்தார். எழுந்து இரண்டாவதில் உட்கார்ந்து அதைப் பெற்றுக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை எழுதி, முதல் நாற்காலிக்கு நகர்ந்து அதையும் வாங்கிக்கொண்டார். இப்படியே மூன்று ஐம்பது ஆகிவிட்டது. பார்வையாளராக வந்திருந்த ஸுந்தரராஜன் சார் கேபிள் நுனிக்கு இந்தப் பக்கம் மட்டும் நின்றார். சாட்சிக்கான ஸ்டூலில் ஹஃப்ஸா செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் சார் சுவிட்சைப் பார்த்துக் கேட்டார். "முப்பத்தொண்ணு. உம்மீது சுமத்தப்பட்ட குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?"

ஏசி மட்டும் இரைந்தது.

"மூணு தரம் கேக்கணும்" என்று எனக்கு விளக்கிவிட்டு இன்னும் இரண்டு தரம் கேட்டார். "பதில் இல்லை. எழுதிக்கிடும்மா. பதில் இல்லைன்னா ஒப்புக்கிட்டதா எடுத்துக்கிட விதி இருக்கு." மேஜை இழுப்பறையிலிருந்து அரக்குக் குச்சியை எடுத்து வைத்தார். மாரீஸ்வரன் அண்ணனைத் தீப்பெட்டி கேட்டார்.

நான் எழுதி வைத்திருந்த எதிர்வாதம் நாலு பக்கம். நோட்டைத் திறந்தால், எழுதி எழுதி அடித்ததில் எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அதனால் தோன்றியதைச் சொன்னேன்.

"சார், அதால பேச முடியாது சார். நீங்க வாயை மூடி வச்சிருக்கீங்க."

"என்னது?"

"மூடுன போர்ட் எப்படி சார் பதில் சொல்லும்? அதோட தரப்பைக் கேக்காம உத்தரவு போட்டா, நாளைக்கு மேல்முறையீட்டுல நிக்குமா சார்?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தவறாகப் பேசிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆவுடையப்பன் சார் தீப்பெட்டியைக் கீழே வைத்தார். மேல்முறையீடு என்ற சொல் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நிக்காது" என்றார் மெல்ல. "தரப்பைக் கேக்காத உத்தரவு நிக்கவே நிக்காது. இருபத்தாறு வருஷத்துல என் உத்தரவு ஒண்ணுகூடத் தள்ளுபடி ஆனதில்லைம்மா. நல்ல வேளை சொன்னே. வாக்குமூலம் வாங்குற வரைக்கும், வாக்குமூலத்துக்காக மட்டும், இடைக்கால அனுமதியா திறப்போம்."

மணி நாலு இருபது.

சுவிட்சின் பாஸ்வேர்டு முத்திரையிட்ட கவரில், பீரோவின் உள்ளறையில், இரண்டு பூட்டுக்குள் இருந்தது. பூட்டுக்கு ஒன்றாக இரண்டு சாவி. ஒன்று ஆவுடையப்பன் சாரிடம். இன்னொன்று, பாதுகாப்புக் கருதி, அந்த உள்ளறைக்குள்ளேயே. கீழே கோர்ட் வாசலில் சாவி போடுகிறவரை மாரீஸ்வரன் அண்ணன் கூட்டிவந்தார். அவர் ஒரு கம்பியை விட்டு ஒரு திருகு திருகினார், உள்ளறை திறந்தது. "இதுக்காய்யா ரெண்டு பூட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனார். கவரைப் பிரித்தால் உள்ளே ஒரு தாள்: 'பாஸ்வேர்டு, பழைய கவரில் உள்ளபடி.'

"அக்கா, நாலு நாப்பத்தொண்ணு" என்றாள் ஹஃப்ஸா. இந்த முறை குரலில் கேலி இல்லை.

பழைய கவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் முப்பத்தொன்றின் பணிப்பதிவேட்டைப் புரட்டினேன். முறைப்படி எல்லா இணைப்பையும் அதன் பின்னட்டையில் ஒட்டி வைக்கிற பழக்கம் ஆவுடையப்பன் சாருக்கு உண்டு. அங்கேதான் இருந்தது. அவர் அதைப் படித்துச் சொல்ல, நான் தட்டினேன். பிறகு அந்த இரண்டு சொல்லையும் தட்டினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

முப்பத்தொன்றின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு மினுங்கத் தொடங்கியது. பெட்டி பேச ஆரம்பித்துவிட்டது. ஹஃப்ஸா ஸ்டூலைத் தள்ளிவிட்டு வெறுங்காலோடு மாடிப்படியில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். கவுண்டர் மெஷினில் அவள் விவரத்தை ஏற்றினேன். பதிவெண்ணில் ஓர் எண்ணைத் தவறாக அடித்து, திரும்ப அடித்தேன். எண் வந்தது. அவள் அதைச் செல்போனில் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் ஏற்றி, ஏறிவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தாள். நாலு ஐம்பத்தாறு.

"ஏட்டி, கிடைச்சிருச்சுட்டி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம்தான் நான் அக்கா என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. அத்தாவுக்கு போன் போடணும். செருப்பு மேல கெடக்கு. சாட்சி சொல்ல வரணுமா?"

"வேண்டாம். ஓடிரு" என்றேன்.

வரிசையில் இருந்தவர்கள் முண்டியடித்தார்கள். அவர்களை உட்காரவைத்துவிட்டு மேலே போனேன். ஆவுடையப்பன் சார் சுவிட்சுக்கு மிக அருகில் முகத்தை வைத்து, மினுங்குகிற விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பேனா.

"பேசுதாம்மா?"

"பேசுது சார்."

"என்ன சொல்லுது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திரையில் ஒரு கணக்கு ஓடும். எவ்வளவு பாக்கெட், அதாவது தகவல் துண்டு, போனது, எவ்வளவு வந்தது என்று. "இதுவரைக்கும் நாலாயிரத்து முன்னூறு பாக்கெட் சொல்லியிருக்கு சார்."

"அம்புட்டையும் எழுதணுமே!" என்றார் அவர். பயத்தோடு அல்ல. இலையில் விருந்து பார்த்தவர் மாதிரி.

வாக்குமூலத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் அன்று இரவும் போர்ட் திறந்தே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை மதுரையிலிருந்து இரண்டு எழுத்தர்கள் மாற்றுப்பணியில் வந்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பெரிய நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, மதியத்துக்குள் வியாழன் நாலு ஐம்பது வரை வந்திருந்தார்கள். போர்ட் அதற்குள் இன்னும் மூன்று லட்சம் சொல்லிவிட்டது. கீழே கவுண்டரில் அறுபத்திரண்டு பேருக்கு எண் கொடுத்தோம்.

ஸுந்தரராஜன் சார் தலைவருக்கு அறிக்கை அனுப்பினார். 'விழா நடந்த நான்கே நாளில் பெட்டி செயல்பாட்டுக்கு வந்தது' என்பது முதல் வரி. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்களுடைய ஒன்பதாம் போர்ட் இரண்டு மாதமாக மூடிக் கிடக்கிறது, அதன்மேலும் ஒரு குற்றம் சுமத்த வழி உண்டா என்று கேட்டார்.

சனிக்கிழமை அரை நாள். கிளம்பும் நேரத்தில் ஆவுடையப்பன் சார் என்னைப் பீரோவுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். எழுதி முடித்த பக்கங்களை அடுக்கி, மேலே தன் மூக்குக்கண்ணாடியை வைத்திருந்தார்.

"ரெண்டு நாளா படிச்சுப் பாத்தேன்மா. எனக்கு ஒண்ணும் விளங்கலை. ஆனா நேரம் தவறாம, ஓயாம, பணிவாப் பேசுது. என் மனசாட்சிப்படி சொல்லுறேன், உன் ஆளு குத்தம் செஞ்சவன் இல்லை. வாக்குமூலத்தை இத்தோட முடிச்சுக்கிட்டா திங்கட்கிழமையே நிரபராதின்னு உத்தரவு போட்டுருவேன்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "உத்தரவு போட்டா என்ன சார் ஆகும்?"

"இடைக்கால அனுமதி ரத்தாயிரும். விசாரணைக்கு முந்தி எப்படி இருந்துச்சோ அந்த நிலைக்குப் போயிரும். மூடிதான். அப்புறம் மறுபணி நியமன உத்தரவுக்கு மதுரைக்கு எழுதுவோம். ஆறு மாசத்துல வந்துரும்."

கீழே கவுண்டர் மூடவில்லை. திங்கள் வரை பொறுக்க முடியாத நாலைந்து பேர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். முப்பத்தொன்று மினுங்கிக்கொண்டிருந்தது.

"சார்" என்றேன், "அது இன்னும் பேசி முடிக்கலை."